எழுத்தில்லாத கல்

போன மாதம் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அணு உலையில் மிஞ்சுகிற கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, உலோகக் கலத்தில் அடைத்து, பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறையைக் குடைந்து புதைப்பதைப் பற்றியது. பாறை அசையாதா, தண்ணீர் ஊறாதா, கலம் துருப்பிடிக்காதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிலும் எழுதியிருந்தார்கள். பதில்கள் ஒழுங்காகவே இருந்தன. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியே ஓய்வு பெற்றவள். குறை சொல்லத் தோன்றவில்லை. கடைசிப் பத்தியில்தான் மாட்டிக்கொண்டார்கள். பத்தாயிரம் வருஷம் கழித்து அந்த இடத்துக்கு வருகிறவனிடம் ‘இங்கே தோண்டாதே’ என்று எப்படிச் சொல்வது? எந்த மொழியில் எழுதுவது? என்ன கல்லை நடுவது? இதற்காக வெளிநாடுகளில் பெரிய ஆட்களெல்லாம் கூடி யோசிக்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கல் நட்டார்கள். பத்தாயிரம் வருஷம் கிடக்கட்டும், ஒரு போராட்டம் முடிகிற வரைக்கும்கூட அது நிற்கவில்லை.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. வீட்டில் தமிழ், சர்க்கார் கச்சேரியில் மலையாளம், சந்தையில் இரண்டும். திட்டுவதற்கு எது வசதியோ அது. எனக்கு முதல் வேலை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டி, கொப்பரை காயவைத்துக்கொண்டிருந்த பழைய ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. கடற்கரைப் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர் அதை வாடகைக்கு எடுத்து, சாக்குச் சாக்காக மணல் கொண்டுவந்து அடுக்கினார். கடற்கரையில் அள்ளிய கரிமணலை அரித்துப் பிரித்து எடுத்த மணல் அது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைக்கு வெளிநாட்டுக்காரன் வாங்குகிறான் என்று சொன்னார். பிறகு அந்த மணலைத் தனி ஆள் விற்கக்கூடாது என்று அரசாங்கம் கையை வைத்தது. குத்தகைக்காரர் ஒருநாள் காணாமல் போனார். சாக்குகள் அப்படியே கிடந்தன. எங்கள் பிள்ளைகள் இடைவேளைக்கு அவற்றின் மேல் ஏறிக் குதித்தார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கையில் கதிர் அளக்கிற ஒரு பெட்டி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு குழாய். பெட்டியைச் சாக்கின் அருகில் கொண்டுபோனால் சட்டியில் எள் பொரிவது மாதிரி சத்தம் கேட்கும். என் காதிலும் மாட்டிக் காட்டினார். ஊர் அவருக்கு மெஷின்காரர் என்று பேர் வைத்தது. பிள்ளைகள் புழங்குகிற இடத்தில் இது கிடக்கக்கூடாது என்றார் அவர். கொண்டுபோக லாரிக்கு உத்தரவு இல்லை. ஆகவே ஷெட்டுக்குப் பின்னால் நிலத்தின் கிழக்கு மூலையில் ஆளுயரத்துக்கும் கூடுதலாகக் குழி எடுத்து, சாக்குகளை இறக்கி மூடச் சொன்னார். மழை கழிந்ததும் லாரி வரும், எடுத்துக்கொண்டு போய்விடலாம், இது தற்காலிக ஏற்பாடு என்றார். அரசாங்கத்தில் தற்காலிகம் என்றால் என்ன ஆயுள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, வயது அப்படி.

சாக்குகள் பார்க்கச் சிறியவை. ஆனால் ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மண் சுமந்தே பழகிய ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்கள். இதை நான் மறக்கவில்லை. இந்தக் கதை முழுக்க அந்தக் கனத்தில்தான் நிற்கிறது.

குழி மூடினதும் மேலே ஒரு கல் நடவேண்டும் என்றார் மெஷின்காரர். சர்வே ஆபீசில் மிஞ்சிக் கிடந்த கருங்கல் ஒன்று வந்தது. கல்லில் என்ன எழுதுவது? ‘இங்கே தோண்டாதே’ என்று எழுதுவதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்த பாஷையில் என்பதில்தான் வந்தது வினை.

பார்வத்தியக்காரர், அதாவது எங்கள் கிராம அதிகாரி, சொன்னார்: “சர்க்கார் காரியமல்லே? மலையாளத்தில் எழுதியால் மதி.” மதி என்றால் போதும்.

எதிரே காப்பிக்கடை வைத்திருந்தவர் அங்கே நின்றிருந்தார். அவர் தமிழ்க் கட்சி. “ஓய், இஞ்ச மண்வெட்டி பிடிக்கியவன் எல்லாம் தமிழனாக்கும். தோண்டப்படாதுண்ணு அவனுக்குல்லா சொல்லணும்? தமிழுல எழுதும்.”

நான் நடுவில் புகுந்து, இரண்டிலும் எழுதினால் போகிறது என்றேன். படித்தவள் சொன்ன யோசனை. பிறகு காப்பிக்கடைக்காரர் கேட்டார்: “அப்பம் மேல எது, கீழ எது?”

அவ்வளவுதான். ரோட்டில் போனவர்களெல்லாம் வந்து கூடிவிட்டார்கள். கல்தச்சன் உளியை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். வெயில் சாய்ந்தது. மெஷின்காரருக்குப் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். “ஒன்றும் எழுதவேண்டாம், கல் மட்டும் போதும், எப்படியும் லாரி வரப்போகிறது” என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இரண்டு கட்சிக்கும் திருப்தி. மற்றவன் பாஷை கல்லில் ஏறவில்லை அல்லவா? எழுத்தில்லாத கல் அந்த மூலையில் நின்றது.

அடுத்த பள்ளிக்கூட வருஷம் என்னை ஒற்றசேகரமங்கலத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கேயே அறை எடுத்துத் தங்கினேன். ஊருக்கு எப்போதாவதுதான் வருவேன். அந்தச் சமயத்தில்தான் எல்லைப் போராட்டம் சூடுபிடித்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும், நெய்யாற்றின்கரையும் அதில் வரவேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், அடிதடி.

என் அக்காள் கணவர் பீர்மேட்டில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு ஊருக்கு வந்து போராட்டத்தில் இறங்கினார். நல்ல மனிதர். அன்பானவர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் குரங்குப் பிடிதான். சாக்குகள் புதைத்த காலத்தில் அவரும் அக்காவும் ஊரில் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும்.

அந்த நாளில் ஒரு பேச்சு கிளம்பியது. சர்வேக்காரன் முன்கூட்டியே கல் நட்டுவைத்திருக்கிறான், டில்லியிலிருந்து வருகிற ஆட்கள் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் எல்லைக்கோடு போடப்போகிறார்கள் என்று. யார் கிளப்பினார்களோ தெரியாது. நடு மத்தியானத்தில் ஆட்கள் கடப்பாரையோடு கிளம்பி, கண்ணில் கண்ட சர்வே கல்லையெல்லாம் பிடுங்கினார்கள். பிடுங்கியவன் தோளில் சுமந்துபோய் வீட்டுக் கிணற்றடியில் படுக்கப்போட்டு, அதில் துணி அலக்கச் செய்வான். அரசாங்கத்தின் எல்லைக்கல்லில் என் வீட்டு அழுக்கை அடித்துத் துவைக்கிறேன் பார் என்று அர்த்தம். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு புது அலக்குக்கல் முளைத்தது.

அத்தானும் ஒரு கல் கொண்டுவந்தார். எங்கே பிடுங்கினார் என்று நான் கேட்கவில்லை. ஊரில் இவ்வளவு கல் பிடுங்கும்போது எது எங்கே இருந்தது என்று யார் கேட்பார்கள்?

பிறகு துப்பாக்கிச்சூடு நடந்தது. போலீஸ் வீடு வீடாக வந்தது. அத்தானை அடித்து இழுத்துப்போய்க் கொஞ்சநாள் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது காது சரியாகக் கேட்கவில்லை. ஊரில் மட்டும் மரியாதை ஏறிவிட்டது. காப்பிக்கடையில் அவர் வந்தால் பெஞ்சில் இடம் ஒதுக்குவார்கள்.

அடுத்த வருஷம் அக்கா உண்டானாள். கல்யாணமாகிப் பல வருஷம். அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றிலேயே கலைந்துபோயிற்று. இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் யாரிடமும் பேசாமல் இருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை ஐந்தாம் மாதம் தாண்டியதும் அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தை ஓலைக்கூரையின் கீழ் பிறக்கக்கூடாது, ஓட்டு வீட்டில்தான் பிறக்கவேண்டும் என்று சேர்த்துவைத்ததையெல்லாம் போட்டு நிலம் வாங்கினார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய பழைய கொப்பரை ஷெட் நிலம்தான். ஷெட் எப்போதோ விழுந்து, அதில் மரவள்ளி, எங்கள் பேச்சில் மரச்சீனி, நின்றது.

விஷயம் கேள்விப்பட்டு நான் ஒருதடவை வந்து நிலத்தைப் பார்த்தேன். கிழக்கு மூலையில் கல் இல்லை. அப்படியானால் லாரி வந்து எடுத்துப் போயிருக்கிறது, நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கல் இருந்தால் ஆபத்து, கல் இல்லாவிட்டால் ஆபத்து இல்லை. எவ்வளவு எளிதான கணக்கு!

வீட்டு வேலை நடக்கும்போதே கிணற்றுக்கும் குழி எடுத்தார்கள். தண்ணீருக்கு முன்னால் மணல் வந்தது. மட்கிப்போன சாக்கு நார்களுக்கு நடுவில், கருப்பட்டியைப் பொடித்து வைத்தது மாதிரி அருமையான மணல். எங்கள் பக்கம் முழுக்கச் செம்மண்ணும் வெட்டுக்கல்லும்; மணல் வேண்டுமென்றால் நெய்யாற்றிலிருந்து வண்டி கட்டித்தான் வரவேண்டும். தெய்வம் கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். எங்கள் அத்தானுக்குத் தரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்தது. பழைய குத்தகைக்காரர் யாரோ ஒளித்துவைத்தது, இனி வரமாட்டார் என்று அத்தான் முடிவு கட்டிவிட்டார். கிணற்றை வேறு மூலைக்கு மாற்றிக்கொண்டு, மணலை அள்ளி முற்றத்தில் குவித்தார். முதலில் உள்ளறைக்குத் தரை போட்டார்கள். பிரசவத்துக்கு என்று ஒதுக்கிய அறை அது.

பள்ளி விடுமுறைக்கு நான் வந்தபோது கொத்தனார் மற்ற அறைகளுக்குச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்பானேன் என்று ஒரு ஓலைப்பெட்டியில் மணல் அள்ளிக் கொடுக்கப் போனேன். பாதிப் பெட்டிதான் அள்ளினேன். தூக்க முடியவில்லை.

கொத்தனார் சிரித்தார். “டீச்சரே, விட்டுரும். இந்த மணலுக்குப் பேய்க்கனமாக்கும். ரெண்டு ஆளு வேணும்.”

புதைத்த அன்று இரண்டு ஆள் பிடித்துத் தூக்கிய சாக்குகள் நினைவுக்கு வந்தன. கையிலிருந்த மணலை உதறினேன். நேரே பழைய வீட்டுக் கிணற்றடியில் துணி அலக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் போனேன்.

“அக்கா, இந்த மணலு எந்த மூலையில கிட்டிச்சு?”

“கிழக்கு மூலையில.”

“அங்க ஒரு கல்லு நிண்ணுதே?”

அக்கா ஈரத்துணியை நீக்கிக் காட்டினாள். “இதாக்கும் அந்தக் கல்லு. ஒங்க அத்தான் பிடுங்கிச் சொமந்துட்டு வந்த எல்லைக்கல்லு. ஏன் மக்கா மொகம் இப்பிடிப் போச்சு?”

எழுத்தில்லாத அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோபம் யார் மேல் வருவது என்று தெரியவில்லை. பார்வத்தியக்காரர் மேலா, காப்பிக்கடைக்காரர் மேலா, பஸ்ஸைப் பிடிக்க ஓடின மெஷின்காரர் மேலா, கல்லைத் தூக்கின இந்த மனிதர் மேலா. எல்லோர் மேலும் வந்தது.

சாயங்காலம் அத்தானிடம் சொன்னேன். இந்த மணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்துகொண்டே இருக்கும், அதன்மேல் பிள்ளையைக் கிடத்தக்கூடாது, தரையைப் பெயர்த்து மணலைத் திரும்பக் குழியில் போடவேண்டும் என்றேன். புதுமனை புகும் பால்காய்ச்சுக்கு நாள் பார்த்தாகிவிட்டது. புதுத் தரையை இடிப்பது என்றால் அபசகுனம். அதையெல்லாம்கூட அவர் பேசவில்லை. பேசியது வேறு.

“ஒனக்கு இது யாரு சொல்லித்தந்தது? திருவனந்தபுரத்துக்காரனா?” என்றார். “இஞ்ச தமிழன் வீடு கெட்டப்படாதுண்ணு அவனுவொ காட்டுத பூச்சாண்டியாக்கும். கடப்பொறத்துல ஜனம் இந்த மணலுமேலதானே கெடக்கு? அவனுவளுக்கு என்ன வந்துச்சு?”

கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. நான் பதில் சொன்னேன்: “அங்க சோத்துல உப்பு. இது வெறும் உப்பாக்கும் அத்தான். அரிச்சு, பிரிச்சு, சாக்குல கெட்டுனது.”

“நீ கண்டியா அந்தக் கதிர?”

காணவில்லை. மெஷின்காரரும் இல்லை, அவர் பெட்டியும் இல்லை. திருவனந்தபுரத்துக்கு எழுதிப்போட்டால் அந்தக் கலவரத்தில் யார் வருவார்கள்? வந்தாலும் அத்தான் வாசலில் விடமாட்டார். சரி, காட்டுகிறேன் என்று பிடிவாதம் வந்தது எனக்கு. பிடிவாதத்தில் நானும் அத்தானுக்கு இளைத்தவள் இல்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அங்கே போய்க் கறுப்புக் காகிதத்தில் பொதிந்த இரண்டு கண்ணாடி பிளேட் வாங்கினேன். கதிர் கறுப்புக் காகிதத்தைத் தாண்டி பிளேட்டில் படும், இரும்பைத் தாண்டுவது கடினம். நான் படித்த பாடம் அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெட்டி ஒன்றில் பிளேட்டைப் பொதியோடு வைத்து, அதன்மேல் புது வீட்டின் இரும்புச் சாவியை வைத்து, அதன்மேல் அத்தானின் மணலைக் காகிதத்தில் மடித்துப் பரப்பினேன். சாவி அக்கா கொடுத்தது. இரட்டைச் சாவியில் ஒன்று. இன்னொரு பெட்டியில் இன்னொரு பிளேட், என் அலமாரிச் சாவி, மேலே ஆற்று மணல். இரண்டையும் என் அறையில் இருட்டு மூலையில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் கழித்துத்தான் எடுத்தேன். ஒன்றும் பதியாமல் போனால் என்ன செய்வது என்று பயம். பதிந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம்.

ஸ்டூடியோக்காரர் கழுவிக் கொடுத்தார். ஆற்று மணலின் பிளேட் வெறும் கண்ணாடியாக இருந்தது. மற்றது முழுக்கக் கறுத்திருந்தது. நடுவில் மட்டும் சாவி வெள்ளையாக, வளையமும் பல்லும் தெரியக் கிடந்தது. “இது என்ன காமிரா டீச்சர்?” என்று அவர் கேட்டார். பிளேட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அதை அத்தானிடம் கொண்டுபோகவில்லை. அக்காவிடம் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். நெடுநேரம் பார்த்தாள்.

“இது பிள்ளையளுக்குக் கேடாக்குமா?”

“எவ்வளவு கேடுண்ணு எனக்குத் தெரியாது அக்கா. நல்லதில்லைண்ணு மட்டும் தெரியும்.”

பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளை செத்துப்போகும் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். இரண்டு பிள்ளையை இழந்தவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அக்கா பிளேட்டை என் கையில் கொடுத்தாள். நேரே புது வீட்டுக்குப் போனாள். சுவரில் சாய்த்துவைத்திருந்த கடப்பாரையை எடுத்து, உள்ளறையின் நடுவில் நின்று, அந்த வயிற்றோடு ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

சத்தம் கேட்டு அத்தான் ஓடிவந்தார். “எட்டீ, ஒனக்குப் பைத்தியமா?” என்று கடப்பாரையைப் பிடித்தார். அவள் விடவில்லை.

“எவ்வளவுண்ணு தெரியாதாம்,” என்றாள் அக்கா. “தெரியாததுக்கு மேல என் பிள்ளையக் கெடத்தமாட்டேன். ஒண்ணு நீரு இடியும், இல்லேங்கி நான் இடிக்கேன்.”

அத்தான் என்னைப் பார்த்தார். என்னைக் கொன்றுவிடலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. பிறகு கடப்பாரையை அவள் கையிலிருந்து பிடுங்கி அவரே குத்த ஆரம்பித்தார். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தை. அரசாங்கத்துக்குப் பாதி, எனக்குப் பாதி. பெயர்த்த தரை, முற்றத்துக் குவியல், பெட்டியில் ஒட்டியது எல்லாவற்றையும் குழியிலே தள்ளி, முன்பைவிட ஆழமாக மண் போட்டு இடித்து மூடினார்கள்.

அடுத்த கேள்வி, இதை மற்றவன் தோண்டாமல் எப்படிக் காப்பது? பத்திரிகைக் கட்டுரையில் பெரிய ஆட்கள் யோசிக்கிற அதே கேள்வியை நாங்கள் மூன்று பேரும் மரச்சீனியும் மீன்கறியும் தின்றுகொண்டே யோசித்தோம். ஒரு மாடன் பீடம் வைக்கலாம், ஒருத்தனும் கிட்ட வரமாட்டான் என்றார் அத்தான். பீடம் வைத்தால் கொடைத் திருவிழா வரும், கொடை வந்தால் கோயில் வரும், கோயிலுக்கு அஸ்திவார வாணம் தோண்டுவார்கள் என்றேன் நான். கல்லறை மாதிரி கட்டிவிடலாம் என்றாள் அக்கா. யாருடைய கல்லறை என்று போலீஸ் வந்து தோண்டும் என்றார் அத்தான். அன்றைய நிலைமையில் அது உண்மை. கடைசியில் அந்தப் பழைய கல்தான் மிஞ்சியது.

எந்த நேரத்தில்? எல்லை எங்கே வரப்போகிறது என்று ஊரே மூச்சைப் பிடித்துக் காத்திருந்த நேரத்தில். எல்லைக்கல்லைப் பிடுங்கி அடிபட்டு ஜெயிலுக்குப் போன மனிதர், தன் கையால் அதே கல்லைச் சுமந்துபோய், பிடுங்கிய அதே இடத்தில் நட்டார். பட்டப்பகலில். பார்த்தவர்கள் நம்பவில்லை. பழைய சாக்குகளை எப்போதோ லாரி கொண்டுபோய்விட்டது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. சர்க்காரோடு சேர்ந்துவிட்டான், காசு வாங்கிவிட்டான் என்றார்கள். காரணத்தைச் சொன்னால் குழியில் கிடக்கிற மணலைத் திருட ஆள் வரும், அல்லது சர்க்கார் நிலத்தையே எடுத்துக்கொள்ளும் என்று அத்தானுக்குப் பயம். “என் நெலம், என் கல்லு” என்று மட்டும் சொன்னார். காப்பிக்கடையில் அதற்குப் பிறகு அவருக்குப் பெஞ்சு ஒழியவில்லை. அவர் அந்தக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றுதான் உண்மையான மரியாதை வந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

பெண் பிறந்தது. நல்ல கனமான பிள்ளை. ஆற்று மணலில் புதிதாகப் போட்ட தரையில் தவழ்ந்தது. சில மாதத்தில் ராஜ்யம் பிரிந்தது. தெற்கே நான்கு தாலுகா சென்னையோடு போயிற்று. நெய்யாற்றின்கரை போகவில்லை. எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. நான் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்து நாகர்கோவிலுக்குப் போனேன். அக்கா ஆயுசு போதாமல் சீக்கிரம் போய்விட்டாள். அவள் மகள் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

அந்த எல்லைக் கோபமெல்லாம் ஆறிப்போன பிறகு ஊரில் கதை மாறியது. அத்தான் நட்ட கல் போராட்டக்கல், தமிழ் எல்லை இதுதான் என்று தனி ஆளாக நின்று நட்டார் என்று இளவட்டங்கள் பேச ஆரம்பித்தார்கள். அத்தான் மறுக்கவில்லை. ஒருதடவை நான் கேட்டதற்கு, “நெசத்தச் சொன்னா தோண்டுவானுவொ. இது சொன்னா கும்பிடுதானுவொ. கெடக்கட்டும்” என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. போனவர் அந்தக் கதையோடே போனார்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகள் எனக்குப் போன் செய்தாள். அவளே பாட்டியாகிற வயது.

“சித்தி, மோன் கல்ஃபிலிருந்து வந்திருக்கான். பழைய வீட்ட இடிச்சிட்டுப் புதுசு கெட்டப் போறான். அப்பாவுக்கக் கல்லு உண்டில்லா, அதை எடுத்து வாசல் கேட்டுக்கு முன்னால நல்ல பீடம் கெட்டி வைக்கணும்ணு சொல்லுதான். எல்லைப் போராட்டத்துல அப்பா நட்ட கல்லுண்ணு எழுதியும் வைப்பான். மலையாளத்திலயாக்கும், அவனுக்குத் தமிழெழுத்து அறியாதில்லா.”

“கல்லு நிக்கிய எடத்துல?”

“அங்க செப்டிக் டேங்குக்குக் குழி. நாளைக்கு மண்ணுமாந்தி எந்திரம் வரும்.”

கதையைக் கல்லோடு கட்டிவைத்தோம். கல்லைத் தூக்கினால் கதையும் கூடவே போகும். மண் மட்டும் அங்கேயே கிடக்கும். இவ்வளவு நாள் இது எனக்கு உறைக்கவில்லை.

“யாரும் அதைத் தொடப்படாது. நான் வாறேன்” என்று போனை வைத்தேன். பீரோவில் துணிக்கு அடியில் இருந்த அந்தக் கண்ணாடி பிளேட்டை ஒரு பழைய நேரியல் துணியில் சுற்றினேன். விடிந்ததும் பஸ் ஏறினேன். மார்த்தாண்டம், களியக்காவிளை எல்லாம் தாண்டும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

நான் போனபோது மண்ணுமாந்தி வந்து முற்றத்தில் நின்றது. கல்லைச் சுற்றிக் கொஞ்சம் மண் நீக்கியிருந்தார்கள். அக்கா மகளை உள்ளே கூட்டிப்போய் ஜன்னல் பக்கம் நிறுத்தி, பிளேட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“அய்யோ சித்தி, இது நம்ம பழைய வாசலுக்கச் சாவியல்லே! இப்பவும் ஆணியில தொங்குது. இதை யாரு போட்டோ எடுத்தது?”

“யாரும் எடுக்கல்ல மக்கா,” என்றேன். “ஒன்னையப் பெத்துக் கெடத்தணும்ணு ஒனக்க அப்பன் ஒரு அறைக்குத் தரை போட்டாரு. அந்தத் தரையில கெடந்த மணலு எடுத்தது. பிள்ளைக்குக் கேடுண்ணு ஒனக்க அம்மை நீ வயித்துல கெடக்கச்செல அதை இடிச்சா. அந்த மணலு இப்பவும் அந்தக் கல்லுக்கு அடியில உண்டு.”

அவள் திரும்பவும் பிளேட்டைப் பார்த்தாள். உள்ளறைப் பக்கம் ஒருதடவை பார்த்தாள். பிளேட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நடந்துபோய், மண்ணுமாந்தியின் இரும்புக் கைக்கு நேர் கீழே, கல்லை ஒட்டி நின்றாள். மகன் ஏதோ கத்தினான். வண்டிக்காரன் இயந்திரத்தை நிறுத்தினான்.